கடைசி வரை ஓடுகிற சீடி

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கையிலிருக்கிற போனில் தேடி, நின்ற இடத்திலேயே முடிவைப் பார்த்துவிடுவீர்கள். அந்த முடிவுக்காக நான் இரண்டு வருடம் அலைந்தவள். கற்பிட்டியில் தொடங்கி சிலாபம் வரை ஒரு சீடிக் கடை விடாமல் ஏறி இறங்கினேன். அதை இவ்வளவு லேசாக எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கல்யாணம் முடிந்த முப்பத்தைந்தாம் நாள் என் கணவருக்குக் கத்தாரில் லீவு முடிந்தது. போகிற அன்று பின்னேரம் பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. வேன் வர இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. உம்மா குசினியில் அவருக்குக் கொடுத்துவிடக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் முன் அறையில் ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "ஒரு படம் போடுவமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சந்திக் கடைக்குப் போய் ஒரு சீடி வாடகைக்கு எடுத்து வந்தார்.

புருசன் பெண்சாதி கதை. ஒன்றுமில்லாத விசயத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டு அவள் தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். கடைசியில் ரயில் நிலையம். ரயில் ஊதிவிட்டது. அவன் மேம்பாலப் படிகளில் விழுந்தடித்து ஓடி வருகிறான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். ஒரு கால் தரையில், மறு கால் ரயில் படியில் வைக்கத் தூக்கியபடி. அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது.

வெளியே எடுத்து, ஊதி, சாரன் நுனியால் துடைத்துப் போட்டார். அதே கால். திரும்பவும் எடுத்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் போட்டார். அதே கால். மூன்றாம் தரம் போடும்போது வேன் ஹோன் அடித்தது.

வாசலில் வைத்துத்தான் அந்த ஒப்பந்தம் நடந்தது. "அவ ஏறினாளா இல்லையா எண்டு நீ பாக்காத. நானும் பாக்கமாட்டன். நான் வந்து ரெண்டு பேரும் சேந்து பாப்பம்" என்றார். அழுகையை அடக்கப் பெரிய பாடுபட்டுக்கொண்டிருந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பி வர இரண்டு வருடமாகும். அதற்குள் ஒழுங்காக ஓடுகிற ஒரு சீடியைக் கண்டுபிடித்து வைக்க வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது.

மறுநாள் காலை சீடியைத் திருப்பிக் கொடுக்கப் போன எனக்கு மூக்கு நுனியில் கோபம். கடைக்கார நானாவோ அசையவில்லை.

"அது எப்பவும் அந்த இடத்தில நிக்கிறதுதான்."

"அப்ப வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் ஒண்டும் சொல்றல்லையா?"

"கடைசியில தானே தங்கச்சி நிக்கிது. அதுக்குள்ள பாதிப் பேர் உறங்கிருவாங்க."

பிறகு அவர் சொல்லித் தந்ததுதான் எனக்கு ஆயுள் முழுக்க உதவுகிற அறிவு. சீடி நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி ஓடுமாம். படத்தின் முடிவு எப்போதும் விளிம்பில்தான் இருக்கும். கை படுவதும் விளிம்பில், தரையில் தேய்வதும் விளிம்பில். ஆகையால் பழைய சீடி வாங்குகிறவர்கள் படத்தை முதலிலிருந்து போட்டுப் பார்க்கமாட்டார்கள். கடைசிப் பத்து நிமிடத்தைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அது ஓடினால் வாங்கலாம், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வரலாம்.

என் சங்கடம் உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். முடிவு ஓடுகிறதா என்று தெரிய முடிவைப் பார்க்க வேண்டும். நானோ முடிவைப் பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டவள்.

அந்தக் காலம் சீடிக் கடைகளுக்குப் போதாத காலம். வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டது, கைக்குக் கை போன் வந்துவிட்டது. வாடகைக்கு ஓடித் தேய்ந்த சீடிகளைக் கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாசலில் வைத்து விற்றுத் தள்ளினார்கள். அதிலும் நோன்புக்கு முந்திய கிழமை, அந்த ஏழு நாளும் எங்கள் பக்கத்தில் தனிக் கொண்டாட்டம். நோன்பு மாதம் யாரும் படம் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள். கடைக்காரர் டீவியைத் துணியால் மூடிவிட்டு, அதே மேசையில் நோன்பு திறக்கச் சமூசா விற்பார். அதற்கு இடம் வேண்டுமே. அந்தக் கிழமை போனால் ஒன்றின் விலைக்கு மூன்று கிடைக்கும். கொஞ்சம் முகத்தைச் சுளித்து, கீறலைக் காட்டிப் பெருமூச்சும் விட்டால் நாலு கிடைக்கும். நான் ஐந்து வாங்குவேன்.

பத்திரிகையில் இறுவட்டு என்று எழுதுவார்கள். எங்களுக்கு டிவிடியும் சீடிதான், எல்லாம் சீடிதான். ஒரு படத்தைத் தேடிப் போன எனக்குக் கொஞ்ச நாளில் அந்தத் தேடலே பைத்தியமாகிவிட்டது. சீடியை வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பேன். ஊசித் துளை போல வெளிச்சம் தெரிந்தால் அது செத்த சீடி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிற கீறல் ஒன்றும் செய்யாது. வட்டமாகச் சுற்றுகிற கீறல்தான் ஆளை ஏமாற்றும். கடற்காற்றில் கிடந்து வெண்மை பூத்ததைக் கழுவி எடுக்கலாம். பற்பசை தேய்த்துப் பிழைக்க வைத்தவையும் உண்டு. அட்டையில் ஒரு படமும் உள்ளே வேறொன்றும் இருப்பது வழக்கமாதலால், வீட்டுக்கு வந்து போடும்வரை என்ன வாங்கினோம் என்று நமக்கே தெரியாது. பேய்ப் படம் என்று வாங்கியது ஒரு தரம் யாரோ ஒருவரின் சிங்களச் சமையல் வகுப்பாக இருந்தது. உம்மா அதைப் பார்த்துப் பலாக்காய்க் கறி பழகினார். நல்ல கறி.

புதுப் பெண் தனியாகக் கடை கடையாக ஏறக்கூடாது என்பது உம்மாவின் சட்டம். அதனால் அடுத்த வீட்டிலிருக்கிற என் லாத்தா கூட வருவாள். என் உடன்பிறந்த மூத்தவள், பேரம் பேசுவதில் எனக்கு வாத்தியார். அவளிடம் ஒரே குறை, வாயில் ஒன்றும் நிற்காது. அவளுக்கு ஒன்று தெரிந்தால் பின்னேரத்துக்குள் குறிஞ்சிப்பிட்டி வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே அவளையும் அந்த முடிவைப் பார்க்க விடமுடியாது. கடையில் நாங்கள் இருவரும் படத்தை அந்தக் கால் தூக்கும் இடம் வரைக்கும் பார்ப்போம். அதைத்தான் ஏற்கனவே பார்த்தாயிற்றே. அதைத் தாண்டுகிற மாதிரித் தெரிந்தால் இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிக் காதில் விரலை வைத்துக்கொள்வோம். மிச்சத்தைக் கடைக்காரர் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

முதல் வருடம் சுவர்ப் பக்கம் திரும்புகிற வேலையே வரவில்லை. மாம்புரியில் கிடைத்தது, காலில் நின்றது. பாலாவிச் சந்தியில் கிடைத்தது, அதே காலில் நின்றது. அந்தக் கடை வாசலில் வைத்திருந்த அட்டைப் பெட்டியை ஒரு கழுதை சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. இந்தச் சீடிக்கு அந்தக் கழுதையே மேல் என்று லாத்தா கடைக்காரர் முகத்துக்கு நேரே சொன்னாள். எல்லாச் சீடியும் எப்படி ஒரே காலில் நிற்கும் என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். பிறகுதான் விசயம் வெளியில் வந்தது. எங்கள் சந்திக் கடை நானாதான் முதலில் அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர். மற்றவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கித்தான் கொப்பி அடித்திருக்கிறார்கள். அவருடைய சீடியில் என்ன கோளாறோ அதே கோளாறு பாலாவி வரைக்கும் பரவிவிட்டது. எங்கள் பக்கத்துச் சனம் முழுக்க அந்தப் படத்தை முடிவில்லாமல்தான் பார்த்திருக்கிறது. யாருமே முறைப்பாடு செய்யவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கத்தாரில் என் கணவருக்கு வேலை இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கால் இன்னும் தூக்கினபடியா?"

"ஓம், தூக்கினபடிதான். நோகாதா அவளுக்கு?"

"ஏறித்தான் இருப்பா."

"எப்படி ஏறுவா? அவன் ஓடி வாறத்தக் கண்டுட்டா தானே. கண்டுட்டும் ஒரு பொம்புள போவாளா?"

"கோவக்காரி. போவா."

"கோவம் வேற, போறது வேற. நான் சொல்றன், அவ போகமாட்டா. நிப்பா."

பந்தயம் ஹராம் என்பதால் வெறும் வாய்ச்சண்டைதான். ஆனால் நான் அதை உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். அவர் ஒவ்வொரு கிழமையும் புதுசு புதுசாகக் காரணம் கொண்டுவருவார். அவளுடைய பெட்டி ஏற்கனவே ரயிலுக்குள் போய்விட்டது, ஆகவே ஏறுவாள். தாய் காத்துக்கொண்டிருப்பாள், ஆகவே ஏறுவாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துபோவேன். மற்றப் பெண்கள் கத்தாருக்குக் கதைத்தால் கூரை ஒழுகுவதும் பிள்ளைக்குக் காய்ச்சலும்தான் பேச்சு. எங்கள் வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியின் காலைப் பற்றி அரை மணித்தியாலம் சத்தம் போடுவேன். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார்.

இரண்டாம் வருடம் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் முதல் தடவையாக அந்தக் கால் அசைந்தது.

"தங்கச்சி, தாண்டிட்டு!" என்று கடைக்காரர் கத்தினார். நானும் லாத்தாவும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டோம். அந்த நேரம் பார்த்துப் போனுக்குக் காசு போட வந்த ஒரு ஹாஜியார், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு பெண்களையும் கண்டு பயந்துபோனார். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஹாஜியார் வந்த வேலையை மறந்து டீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, சீடி திரும்பவும் உடைந்து நின்றது. நாங்கள் விரலை எடுத்தபோது ஹாஜியார்தான் கூடுதலாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். "இதென்ன சாமான் விக்கிறீங்க நீங்க? ஆள் ஏறினாளா இல்லையா எண்டு இப்ப எனக்கு எப்படித் தெரியிற?" என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியில்தான் ஏமாற்றம் வந்தது. என் கணவர் வர மூன்று மாதம் கூட இல்லை.

கடைசியில் சிலாபத்துக்குப் போனோம். லாத்தாவின் நாத்தனார் வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விருந்து. நான் பிள்ளையைப் பார்க்க ஐந்து நிமிடமும் சீடிக் கடை பார்க்க மூன்று மணித்தியாலமும் ஒதுக்கினேன். மீன் சந்தைக்குப் போகிற தெருவில், கத்தோலிக்க அக்கா ஒருத்தர் தன் கடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சுவரில் ஏற்கனவே போன் உறைகள் தொங்கின. மிச்சச் சீடிகள் எல்லாம் பழைய மாவு வாளிகளில் கிடந்தன. மூன்றாவது வாளியின் அடியில் அது இருந்தது. அட்டையும் அதுதான், உள்ளேயும் அதுதான். வெயிலுக்குப் பிடித்தேன். ஒரு துளை இல்லை. வட்டக் கீறல் இல்லை. படத்துக்குக் கீழே சிங்களத்தில் எழுத்து ஓடியது.

"இது இங்க அடிச்ச கொப்பி இல்ல தங்கச்சி. கொழும்பில இருந்து வந்த சாமான்" என்றார் அக்கா.

எங்கள் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டீவிக்கு முன்னால் வந்து நின்றார். கால் அசைந்தது. நாங்கள் திரும்பிக்கொண்டோம். எனக்கு முன்னால் பச்சைச் சாயம் உரிந்த சுவர், அதில் ஓர் ஆணி. அந்த ஆணியைப் பார்த்தபடி தெரிந்த சூராவெல்லாம் ஓதினேன். படம் முடிவதற்காக யாராவது சூரா ஓதியிருப்பார்களோ தெரியாது, அல்லாஹ் மன்னிக்கவேண்டும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் கத்தவில்லை. கடைசியில் என் தோளில் கை பட்டது.

"முழுக்க ஓடிச்சி" என்றார் அக்கா.

நான் அவருடைய முகத்தில் முடிவைத் தேடினேன். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. அது நல்ல முடிவாலா கெட்ட முடிவாலா என்று பிடிபடவில்லை. லாத்தா பொறுக்கமாட்டாமல் அவரிடம் "ஏறினாளா?" என்று கேட்டே விட்டாள். நான் அவளுடைய கையில் கிள்ளினேன்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார் அக்கா. "ஆனா நீங்க ஆளோட இருந்துதான் பாக்க வேணும். தனியப் பாக்காதீங்க."

அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் பேரம் பேச மறந்த ஒரே சீடி அதுதான். லாத்தா கற்பிட்டி வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை.

அலுமாரியில் கல்யாணப் புடவைக்கு நடுவில் அதை வைத்தேன். தினமும் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பேன். பிளேயர் பக்கம் கொண்டுபோகவில்லை. ஒரு தரம் கொண்டுபோனேன், பிளேயரைத் திறந்தும் விட்டேன், ஆனால் போடவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும்.

அவர் வந்தார். கறுத்து மெலிந்திருந்தார். முதல் மூன்று நாள் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். நாலாம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மா, லாத்தா வீட்டில் ஏதோ வேலை என்று சொல்லிப் போய்விட்டார். அங்கே ஒரு வேலையும் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மணல் காற்று வீசியதால் ஜன்னலைச் சாத்தினேன். தேநீர் ஊற்றி வைத்தேன். சீடியைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தோம். தேநீர் ஆறிப்போனது.

ரயில் ஊதியது. அவன் படிகளில் ஓடி வந்தான். அவள் கால் தூக்கினாள். நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன், நசுக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். சதுரம் வரவில்லை. படம் உடையவில்லை. அவள் தூக்கிய காலைப் பின்னால் எடுத்துத் தரையில் வைத்தாள். பெட்டி ரயிலோடு போயே போய்விட்டது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றதும், தாய்க்குக் கட்டி எடுத்த சாப்பாடும் அதற்குள்தான் போனது என்று அவனை ஏசத் தொடங்கினாள். ஏசிக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்தது.

"சொன்னன் தானே! ரெண்டு வருசமா சொன்னன் தானே! நிண்டுட்டா!" என்று நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். கை தட்டினேன். வெற்றி என்றால் அதுதான் வெற்றி. திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் டீவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் துளிகூட அதிசயமில்லை. எனக்குச் சட்டென்று விளங்கியது.

"நீங்க இத முந்தியே பாத்துட்டீங்க."

ஆறிய தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

"எப்ப?"

"நான் அங்க போன முதல் கிழமையே. ரூமில ஒருத்தன்ட லெப்டொப்பில இருந்திச்சி. அவங்க போட்டுட்டாங்க. எழும்பிப் போகத்தான் நினைச்சன்... போகல்ல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கதிரையில் கிடந்த தலையணையை எடுத்து எறிந்தேன். பிறகு மற்றத் தலையணையையும் எறிந்தேன். "ரெண்டு வருசம் கடை கடையாச் செவுத்தப் பாத்துக்கொண்டு நிண்டன்! காதில விரல வெச்சிக்கொண்டு! புத்தளத்தில ஒரு ஹாஜியார் எனக்குப் பைத்தியம் எண்டு நினைச்சாரு!" என்று கத்தினேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, பாத்தீங்க. பாத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம் தானே? ஏறல்ல எண்டு தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏறுவா ஏறுவா எண்டு என்னோட சண்ட பிடிச்சீங்க?"

அவர் காலடியில் விழுந்திருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்தார்.

"நான் ஏறுவா எண்டு சொன்னாத்தானே நீ இல்ல எண்டு சொல்லுவ" என்றார். "அவ போகமாட்டா, நிப்பா எண்டு நீ கத்துவ. அதக் கேக்கத்தான். அதக் கேட்டாத்தான் அடுத்த வெள்ளி வரைக்கும் எனக்கு அங்க நாள் போகும்."

இன்னும் ஏச நிறைய வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக அழுதேன், சிரித்துக்கொண்டேதான் அழுதேன். அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லு" என்றார்.

"போகமாட்டா" என்றேன். "நிப்பா."